பையன் வருவானாம், அதுவரை காலியாகவே இருக்க வேண்டுமாம்

காரே இல்லாத மனிதர் கார் பார்க்கிங்குக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜப் பூட்டு. தரையில் துளை போட்டு, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்த மடக்குக் கம்பியை நட்டு, அதில் திண்டுக்கல் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார், கோயில் உண்டியலுக்குப் போடலாம் போல அவ்வளவு கனம். சிமென்ட் இன்னும் காயவில்லையாம், யாரும் மிதித்துவிடக் கூடாதாம், வாட்ச்மேனை வேறு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்.

சரி, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது? வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி, காற்றுப் போன ஒரு லேடீஸ் சைக்கிள், கொலுப்படிக்கான இரும்புச் சட்டம். அட்டைப்பெட்டியை யாராவது ஸ்டார்ட் பண்ணி ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம் போல.

இவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் அப்பார்ட்மென்டிலும் ஒருவர் இருப்பார். எங்கள் சென்னை மடிப்பாக்கத்துக்கு வாய்த்தவர் முதல் மாடி மாமா. என் இரண்டாவது காருக்கு அவர் இடத்தைக் கேட்டதில் ஆரம்பித்ததுதான் இந்தப் பூட்டு.

"ஏன் சார் ரெண்டு கார், பஸ்ல போனா என்ன" என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனைவிக்கு வேலை சிறுசேரியில், எனக்கு ஒரகடத்தில். ஒன்று தெற்கே, ஒன்று மேற்கே. மடிப்பாக்கம் பக்கம் மெட்ரோ தூண்கள் எழும்பி நிற்பதை நானும்தான் பார்க்கிறேன். அதன் மேல் ரயில் ஓடட்டும், இரண்டாவது வண்டியை நானே விற்கிறேன். அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார், ஒரு தடவை ஜப்பான் போய்விட்டு வந்ததிலிருந்து ஆரம்பித்தது. "அங்கெல்லாம் நிறுத்த இடம் இருக்குன்னு போலீஸ் சர்டிபிகேட் இல்லாம கார் பதிவே பண்ண முடியாது, 1962-லயே சட்டம் போட்டுட்டான், அதுவும் வீட்டிலேர்ந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும்." ரொம்ப சந்தோஷம். அங்கே காலி இடத்தில் யாராவது கொலுப்படி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

என் சொந்த ஸ்லாட்டிலேயே இரண்டையும் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். விதிப்படி ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். பில்டர் அதை அளந்து கொடுத்துவிட்டுத் தூணையும் அதற்குள்ளேயே நிறுத்தியிருக்கிறார். இருக்கிற ஒரு வண்டியிலிருந்து இறங்கவே வயிற்றை எக்கி, கண்ணாடியை மடக்கி, சட்டையில் சுண்ணாம்பு அப்பிக்கொண்டுதான் வெளியே வருகிறேன். இதில் இரண்டாவதை எங்கே சொருகுவது?

அதனால்தான் மாமாவிடம் போனேன். வாடகைக்குக் கேட்கலாம் என்று, மரியாதையாக, வேட்டி சட்டையில், கையில் பழத்தோடு. உட்கார வைத்தார். காபி வந்தது. "சொல்லுங்க தம்பி" என்றார். சொன்னேன். உடனே பதில் வரவில்லை. டிவியை நிறுத்தினார், கண்ணாடியைத் துடைத்தார், போனை எடுத்தார். எடுத்து, நியூஜெர்சியில் பையன் வாங்கிய வீட்டைக் காட்டினார். முன்பக்கம், பின்பக்கம், புல்வெளி, பனி விழுந்த புல்வெளி, பனி விழுந்து உருகிய புல்வெளி. அப்புறம் கராஜ். "ரெண்டு கார் கராஜ் தம்பி, இவன்கிட்ட ஒரு கார்தான், இன்னொரு பக்கம் புல்லு வெட்டற மெஷின் வச்சிருக்கான்." அதாவது இந்தக் குடும்பம் இரண்டு கண்டங்களில் கார் நிறுத்தும் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறது.

"மாசம் ரெண்டாயிரம் தர்றேன் மாமா" என்றேன்.

"பணம் என்ன தம்பி பணம். பையன் வந்தா நிறுத்தணுமே."

"வர்றப்ப சொல்லுங்க, அன்னிக்கே எடுத்துடறேன்."

"திடீர்னு வந்துட்டா?"

நியூஜெர்சியிலிருந்து. திடீரென்று. டிக்கெட், லீவு, பிள்ளைகள் ஸ்கூல் எதுவும் பார்க்காமல் பால் வாங்கப் போனவன் மாதிரி வந்து நிற்பான். போன தடவை வந்தபோதுகூட ஏர்போர்ட்டிலிருந்து கால் டாக்ஸியில்தான் வந்தான், இருந்த நாள் முழுக்க டாக்ஸியில்தான் சுற்றினான். எல்லாரும் பார்த்தோம். அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. காபியோடு சேர்த்து முழுங்கினேன். கடைசியில் மனிதர் என் தோளில் கை வைத்து ஒன்று சொன்னார்: "இன்னிக்குக் குடுத்தா உங்களுக்குப் பழகிடும் தம்பி. அப்புறம் கஷ்டம்." என் நன்மைக்காகவாம்! அதற்கு அடுத்து வந்ததுதான் இந்த மடக்குக் கம்பி.

விசிட்டர் பார்க்கிங் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் கவர் போட்ட ஒரு மாருதி 800 நிற்கிறது. கவருக்கு அடியில் இருப்பது மாருதிதானா என்று சத்தியம் பண்ண எங்கள் ஃபிளாட்டில் ஆளில்லை. நாலு டயரும் தரையோடு தரையாக ஒட்டிவிட்டன, பானெட் மேல் பூனை குட்டி போட்டிருக்கிறது. செக்ரெட்டரியின் மைத்துனர் வண்டியாம். விசிட்டர்தானே, என்ன, இன்னும் கிளம்பவில்லை. ஆனால் நான் ஒரு ராத்திரி பக்கத்தில் நிறுத்தியதும் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டோ, நம்பர் பிளேட்டுக்குச் சிவப்பு வட்டம், "குடியிருப்போர் ஒத்துழைக்கவும்." இரண்டாம் மாடியில் ரிட்டயர்டு சார் ஒருவர் எனக்காகப் பரிந்து, மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2010-ல் ஸ்டில்ட் பார்க்கிங் (கட்டிடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே இருக்கிற இடம்தான்) பொது இடம், பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று சொன்ன தீர்ப்பை எடுத்துப் போட்டார். செக்ரெட்டரி உடனே வக்கீலாகிவிட்டார். அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொன்னதாம், நமக்குப் பொருந்தாதாம். பில்டரிடம் பார்க்கிங்குக்கென்று தனியாகப் பணம் கட்டிய எல்லாரும் அதற்குக் கட்டைவிரல் போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் பிள்ளையார் படத்தோடு ஒரு குட்மார்னிங். விவாதம் முடிந்தது.

ஆக, தெரு. தெரு மாநகராட்சிக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற அப்பாவிகள் ராத்திரி ஒன்பதரைக்கு எங்கள் பக்கம் வாருங்கள். பெயின்ட் வாளியில் கான்கிரீட் கொட்டி நடுவில் பைப் நட்டு வைத்திருப்பார்கள், அது ஒரு வீட்டின் எல்லைக்கல். அடுத்த வீட்டில் பூந்தொட்டி வரிசை. அதற்கடுத்த கேட்டில் "இங்கு வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்" என்று அழகான எழுத்தில் போர்டு. அந்த வீட்டுக்காரரின் சொந்த வண்டியும் ரோட்டில்தான் நிற்கிறது, அதன் காற்றை யாரும் பிடுங்குவதில்லை. மிச்சம் இருந்த ஓரத்தை மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். யாருமே உரிமை கொண்டாடாத ஒரே இடம் வாதாமரத்தடி, ஏன் என்று காலையில் கண்ணாடியைப் பார்த்தால் தெரியும். காக்காய்க்குக்கூட வெள்ளை கார் என்றால் தனிப் பிரியம்.

2024 அக்டோபரில், மழை வரும் முன்னாலேயே வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, ஊரே சிரித்ததே, எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமைதான் வந்தது. எவ்வளவு நீளம், எவ்வளவு காலி, ஒரு பூந்தொட்டி உண்டா!

இவ்வளவையும் ஆத்திரத்தோடு தட்டிக்கொண்டிருக்கும்போதே மாமாவிடமிருந்து மெசேஜ். பையன் அடுத்த மாதம் நிஜமாகவே வருகிறானாம். "தம்பி, உங்க ரெண்டாவது கார் தெருவில சும்மாதானே நிக்குது, ஏர்போர்ட்டுக்கு ஒரு நடை போய்க் கூட்டிண்டு வர முடியுமா? டாக்ஸிக்காரன் அநியாயத்துக்குக் கேக்கறான்." மனைவியிடம் காட்டினேன். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை, எனக்கும் தொற்றிக்கொண்டது, என்ன பதில் போடுவதென்று தெரியாமல் ஒரு கும்பிடு மட்டும் அனுப்பியிருக்கிறேன், அதை அவர் சரி என்று எடுத்துக்கொண்டு ஃபிளைட் நம்பரே அனுப்பிவிட்டார்.

அது கிடக்கட்டும். மூன்றாம் மாடியில் எவனோ லிஃப்ட் கதவைச் சரியாகச் சாத்தாமல் போயிருக்கிறான், ராத்திரி பதினொன்றரைக்கு அந்தப் பொம்பளைக் குரல் கட்டிடமே அதிர "கிருபயா தர்வாஜா பந்த் கீஜியே" என்று கத்திக்கொண்டிருக்கிறது. மடிப்பாக்கத்து லிஃப்ட் எதற்காக ஹிந்தியில் கெஞ்ச வேண்டும், கெஞ்சினாலும் இங்கே யாருக்குப் புரிகிறது? இருங்கள், போய்ச் சாத்திவிட்டு வருகிறேன்.