தங்குமிடத்தில் எத்தனை கட்டில்? சராசரியை நம்பிப் போடாதீர்கள்

லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், ஆளுக்கு 50 சதுர அடி என்பது நகர்ப்புற வீடற்றோருக்கான வழிகாட்டு நெறி. 2011 கணக்கெடுப்பிலேயே பத்து லட்சத்தைத் தாண்டிய மதுரைக்குப் பத்துக் கட்டடம் என்று வகுத்துவிடலாம். ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் 19 வயதுப் பிள்ளைக்கு அன்றைக்குக் கட்டில் காலியாக இருக்குமா? அதற்கு அந்த வகுத்தலில் பதில் கிடையாது. ஆட்கள் வருவதையும் போவதையும் கணினியில் நாள் நாளாக ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குக்கு, நாளைக்கு 2 பேர் வருகிறார்கள், சராசரியாக 14 நாள் தங்குகிறார்கள் என்று வையுங்கள். 28 கட்டில் போதும் என்று தோன்றும். போதாது. யாரும் இரண்டிரண்டு பேராகச் சொல்லிவைத்து வருவதில்லை; ஒருநாள் ஒருவரும் இல்லை, மறுநாள் ஐந்து பேர். ஓட்டிப் பார்த்தால் நூற்றுக்குப் பதினான்கு பேரைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். 36 போட்டால்தான் அது இரண்டு, மூன்றாகக் குறையும். வருவோரில் ஆண், பெண் 18க்கு 10 என்றால், அந்த 36ஐ 23, 13 என்று பிரித்ததும் ஆண்கள் பக்கம் நூற்றுக்கு ஐந்து பேர், பெண்கள் பக்கம் எட்டுப் பேர் வெளியே நிற்பார்கள். தனி அறை அவசியம்தான். ஆனால் அறை சின்னதாகச் சின்னதாக, உபரிக் கட்டில் கூடுதலாக வேண்டும். மதிப்பீட்டில் இதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது பதிவேடு. சேர்த்துக்கொண்டவர் பெயர் அதில் இருக்கும். "இடமில்லப்பா" என்று திருப்பி அனுப்பப்பட்டவர் இருக்க மாட்டார். அதை அப்படியே கணினிக்குக் கொடுத்தால், இருக்கிற கட்டிலே போதும் என்றுதான் விடை வரும். வாசலில் இன்னொரு நோட்டு போடுங்கள்: தேதி, மணி, வயது, பாலினம், ஏன் அனுப்பினோம். ஒரே ஆள் மூன்று இரவு வந்தால் மூன்று பேராகிவிடாமல் ஒரு குறியீடு. 18 வயதுக்குக் கீழ் என்றால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போக வேண்டியவர்கள். அவர்களைத் தனி வரிசையாக எண்ணுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களையும் தனியாக வையுங்கள். கணினி காலி விடுதியிலிருந்து தொடங்கும் என்பதால் முதல் இரண்டு மூன்று மாத விடையைத் தள்ளிவிடுங்கள்.

அந்த 14 நாளையும் பிரித்துப் பாருங்கள். நூறு பேரில் 90 பேர் 5 நாள், 10 பேர் 95 நாள் என்றாலும் சராசரி 14தான். அந்தப் பத்துப் பேர்தான் மூன்றில் இரண்டு பங்குக் கட்டிலைப் பிடித்திருப்பார்கள். வேலை கிடைத்திருக்கும், அறை எடுக்க முன்பணம் இருக்காது, முதல் சம்பளம் வந்திருக்காது. அவர்கள் 45 நாளில் வெளியேற வழி செய்தால் சராசரி 9 ஆகும், 28 பேர் இருந்த இடத்தில் 18 பேர் இருப்பார்கள். பத்துக் கட்டில் காலி. வாடகை முன்பணத்துக்கான நிதியையும் கட்டட மதிப்பீட்டோடு ஒரே கோப்பில் வைத்து மாநகராட்சி பேச வேண்டும்.