எட்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டாம் அக்கா

முந்தாநாள் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் தெரிந்த அக்கா ஒருவர் நிறுத்திக் கேட்டார். "மகளுக்குப் பிரசவம். ஜனவரியில ஜெர்மனி போறோம். கோயமுத்தூர்ல இருந்து மும்பைக்குத் தனியா டிக்கெட் எடுத்தா எட்டாயிரம் குறையுது. எடுத்துடட்டுமா?" எடுக்காதீங்க என்று சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பஸ் கிளம்பிவிட்டது. சொல்ல நினைத்த மீதியை இங்கே எழுதுகிறேன். நம் நீலகிரி மலையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகிற எல்லா அம்மா அப்பாவுக்கும் இது பொருந்தும்.

2022 நவம்பரில் நானும் அம்மாவும் மான்செஸ்டரில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பினோம். கோவை–மும்பை ஒரு டிக்கெட், மும்பை–மான்செஸ்டர் வேறொரு டிக்கெட். அப்படிப் பிரித்து எடுத்ததில் 6,200 ரூபாய் மிச்சம். கோவையில் மாலை 4 மணிக்கு விமானம், மும்பையில் அடுத்தது இரவு 10.50-க்கு. நடுவில் ஐந்து மணி நேரம் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன்.

மும்பையிலிருந்து வரவேண்டிய விமானமே வந்து சேரவில்லை. நாங்கள் கிளம்பும்போது 7.20. மும்பையில் இறங்கியது 9.20. பெட்டி வந்தது 9.45. அங்கிருந்து சர்வதேச முனையத்துக்கு டாக்ஸி பிடித்து ஓடினால், கவுண்டரில் விளக்கை அணைத்துவிட்டார்கள். புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்களாம். முதல் விமானம் தாமதம் என்று காகிதத்தைக் காட்டினேன். "அது வேற கம்பெனி மேடம், எங்களுக்கு நீங்க வராத பயணி" என்றார் அங்கிருந்த பையன். அவர் மேல் தப்பில்லை. அவர்களுடைய கணினியில் எங்கள் பெயருக்கு எதிரே 'நோ ஷோ' என்று மட்டும்தான் இருந்தது.

அதைவிடப் பெரிய அடி அப்புறம்தான் தெரிந்தது. போகிற விமானத்தில் ஏறாவிட்டால் திரும்பி வருகிற டிக்கெட்டும் சேர்ந்து ரத்தாகிவிடும். பெரும்பாலான நிறுவனங்களின் விதி அதுதான். இருவருக்கும் போக வர புதிதாக எடுத்தேன், 1,62,000 ரூபாய். அம்மா அன்று இரவு முழுக்க ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கிவிட்டது. ஒரு வார்த்தை கூடக் குறை சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஒரே டிக்கெட் என்றால், அதாவது ஊரிலிருந்து கடைசி ஊர் வரைக்கும் ஒரே பிஎன்ஆர் (முன்பதிவு) எண் என்றால், கதையே வேறு. நடுவில் ஒன்று தாமதமாகி அடுத்தது போய்விட்டால், இன்னொரு விமானத்தில் ஏற்றி அனுப்புவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. நாம் கெஞ்ச வேண்டியதில்லை. டிக்கெட் போடுகிறவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எல்லாம் ஒரே பிஎன்ஆரா? பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போகுமா? கோவையில் பெட்டியைக் கொடுக்கும்போது அதில் ஒட்டுகிற சீட்டையும் பாருங்கள். பின்னாளில் ஒரே டிக்கெட்டில் நாங்கள் போனபோது மான்செஸ்டருக்கான எம்ஏஎன் என்ற மூன்றெழுத்து பெரிதாக இருந்தது. அங்கே மும்பையின் எழுத்து இருந்தால், மும்பையில் பெட்டியை நாமே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நம் பயணம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. நவம்பர் மழையில் ஒரு மரம் விழுந்தால் மேட்டுப்பாளையம் ரோடு அடைபடும். 2009 நவம்பரில் மண் சரிந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை நாள் ரோடு இல்லை என்பது இங்கே யாருக்கும் மறக்காது. கூடலூர்க்காரர்கள் பெங்களூர் போய் ஏறுவதென்றால், பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். அதனால் முதல் நாளே கீழே இறங்கிவிடுவதுதான் சரி. லாட்ஜுக்கு ஆகும் காசைப் பயணச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். விமானமும் காலை நேரத்தில் இருந்தால் நல்லது. ஒரே விமானம் ஒரு நாளில் நாலைந்து ஊர் சுற்றும். காலையில் பிடித்த தாமதம் சாயங்காலத்துக்குள் கூடிக்கொண்டே போகும்.

போன வருடம் மறுபடி போனோம், இந்த முறை ஒரே டிக்கெட். அப்போதும் மும்பையில் இரண்டு மணி நேரம் தாமதம், வளைகுடாவில் மாற வேண்டிய விமானம் போய்விட்டது. ஆனால் நாங்கள் இறங்கிய வாசலிலேயே ஒரு பெண் பெயர்ப் பட்டியலோடு நின்றிருந்தார். ஒன்பது மணி நேரம் கழித்து வரும் விமானத்துக்குப் புது போர்டிங் பாஸ், கூடவே சாப்பாட்டுக் கூப்பன். அவ்வளவுதான் என்று நகரப் பார்த்தேன். அப்புறம் திரும்பிப் போய், "அம்மாவுக்கு 71 வயது, படுக்க ஒரு இடம் வேண்டும்" என்றேன். போன் போட்டார், ஐந்து நிமிடத்தில் அறை கிடைத்தது. கேட்காமல் வந்திருந்தால் கிடைத்திருக்காது. வண்டி வரும்வரை அம்மா பேத்திக்கு வாங்கிய வர்க்கி பொட்டலத்தைப் பிரித்து, பக்கத்தில் அழுதுகொண்டிருந்த குழந்தையிடம் ஒன்று நீட்டினார். அழுகை நின்றது. பிறகு நாங்களும் டீயில் நனைத்துச் சாப்பிட்டோம்.

நம் மலைக்காரர்களுக்குக் கூச்சம் அதிகம், கேட்க மாட்டோம். ஆனால் இது யாரும் போடுகிற பிச்சை இல்லை. இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, தாமதம் 2 மணி நேரத்தைத் தாண்டினால் (நீண்ட தூர விமானம் என்றால் 3 அல்லது 4 மணி) சாப்பாடு தர வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் போனால் தங்குமிடமும் தர வேண்டும். பிரிட்டனிலிருந்து புறப்படும் விமானம் நிறுவனத்தின் கோளாறால் தாமதமாகி, நீண்ட தூரப் பயணத்தில் போய்ச் சேரும்போது 4 மணி நேரத்துக்கு மேல் பிந்திவிட்டால் ஆளுக்கு 520 பவுண்டு கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பினால் 600 யூரோ வரை. அக்கா, ஜெர்மனியிலிருந்து திரும்பும்போது இதை நினைவில் வையுங்கள். மழை, பனி, புயல் என்றால் இந்தப் பணம் வராது, சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் புகார் எழுதி எண் வாங்குங்கள். பெட்டி தாமதமானதற்கு நஷ்ட ஈடு கேட்பதென்றால், அது கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கை சொல்வது அது, இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது.

சுகர், பிரஷர் மாத்திரைகளைப் பெட்டியில் போடவே போடாதீர்கள். ஒரு வாரத்துக்கானது கைப்பையில் இருக்கட்டும்.

வருகிற மாதம் அம்மா தனியாகப் போகிறார். ஒரே டிக்கெட், மாறுகிற இடத்தில் நான்கு மணி நேரம், சக்கர நாற்காலிக்கும் சொல்லியாயிற்று. முதல் நாளே இறங்கி பீளமேட்டில் சித்தி வீட்டில் தங்குகிறோம். ஒரு அட்டையில் தம்பி நம்பரும் பிஎன்ஆர் எண்ணும் பெரிய எழுத்தில் எழுதி, அதன் கீழே தமிழ் எழுத்திலேயே இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "மை ஃப்ளைட் இஸ் மிஸ்டு. ப்ளீஸ் கிவ் மீ நெக்ஸ்ட் ஃப்ளைட். ஐ நீட் ஃபுட் அண்ட் ரூம்." நேற்று ராத்திரி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சத்தமாக மூன்று முறை படித்தார். "இந்தக் கடைசி வரியை இன்னும் கொஞ்சம் பெரிசா எழுதிக் குடு கண்ணு" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன்.