அந்த வாச்சர் விசில் அடித்தது உங்களுக்காகத்தான்

நேற்று காலையிலிருந்து அந்த வீடியோவை நாலு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "அண்ணே, நீங்க போயிட்டு வந்து ஒரு மாசம் புகழ்ந்துக்கிட்டே இருந்தீங்களே, அந்த இடம்தானே இது?" என்று கேட்டு, கூடவே சிரிக்கிற பொம்மை. ஆமாம், அதே இடம்தான். உத்தராகண்டில் கார்பெட் தேசியப் பூங்காவுக்கு நடுவில் இருக்கிற திகாலா வன விடுதி. போனவர்கள் நம் வேலூர்ப் பையன்கள் ஆறு பேர். பெயர் சொல்லப்போவதில்லை. வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வீடியோ முழுக்க ஒரே பட்டியல். டிவி இல்லை. ஏசி இல்லை. வைஃபை இல்லை. சிக்கன் இல்லை. சரக்கு இல்லை. ராத்திரி வெளியே நடக்க அனுமதி இல்லை. "காசு வாங்கிக்கிட்டு ஜெயில்ல போட்டுட்டாங்க மச்சான்" என்று முடிக்கிறார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால், வேலி ஓரம் போனவர்களை விசில் அடித்துக் கூப்பிட்டுத் திட்டிய ஒரு வயதான வாச்சர் வருகிறார். அவர் நடக்கிற மாதிரி காலை இழுத்து நடந்து, அவர் பேசிய மாதிரி பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். சரியாகப் பதினாலு விநாடி. எண்ணிப் பார்த்தேன்.

நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் ஒரு நாள் பொறுத்தேன்.

தம்பிகளா, அவர் விசில் அடித்தது உங்கள் உயிருக்காக. அந்த மின்வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குப் புல். அதில் புலி படுத்திருந்தால் பத்தடியில் நின்றாலும் தெரியாது. யானைக்கூட்டம் வந்து மேய்கிற இடம் அது. அங்கே வண்டியை விட்டு இறங்கவே கூடாது என்பது சட்டம். நீங்கள் செல்பி எடுக்க நின்ற இடத்துக்கு அவர் ஓடி வந்திருக்கிறார். அந்த வயதில், அந்தக் காலை வைத்துக்கொண்டு. உங்களுக்கு அது காமெடி.

அது என்ன இடம் என்று தெரிந்துதான் போனீர்களா? அந்த பங்களாவை யாரும் டூரிஸ்டுகளுக்காகக் கட்டவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் வன அதிகாரிகள் குதிரையிலும் யானையிலும் காட்டைச் சுற்றி வரும்போது ராத்திரி தங்குவதற்காக அங்கங்கே கட்டிய விடுதிகளில் ஒன்று. கைரால், சர்ப்துலி, சுல்தான், மலானி என்று அதே காட்டுக்குள் இன்னும் இருக்கின்றன. 1936-ல் ஹெய்லி தேசியப் பூங்கா என்ற பெயரில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அந்தக் காடுதான். எல்லை வகுக்க உதவிய வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் பெயரை அவர் இறந்த பிறகு வைத்தார்கள். 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியதும் அங்கேதான். தங்கடி கேட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் சால் மரங்களுக்கு நடுவே போனால்தான் திகாலா. பகலில் வந்துபோகிறவர்களுக்குக் கேன்டர் பஸ் மட்டும்தான். ராத்திரி அங்கே கண்மூடும் பாக்கியம், அறை கிடைத்த சில பேருக்கு மட்டும். அந்தச் சில பேரில் நீங்கள் ஆறு பேர். வைஃபை இல்லை என்று அழுகிறீர்கள்.

நான் இதைப் பேசுவதற்கு எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. ஆஸ்பத்திரி பக்கத்துச் சந்தில் முப்பது வருஷமாக லாட்ஜ் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் லாட்ஜ் என்றால் என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. கல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளியோடு ரயிலேறி காட்பாடியில் இறங்கி, மாசக்கணக்கில் ஒரே அறையில் தங்கி, அங்கேயே ஸ்டவ் வைத்து மீன் குழம்பு செய்து சாப்பிட்டு வாழ்கிற குடும்பங்கள். வங்காளத்தில் போர்டு எழுதாத கடை அந்தத் தெருவில் குறைவு. எங்கள் லாட்ஜில் ஒன்பது மணிக்கு மேல் யாராவது சத்தமாகப் பாட்டு வைத்தால் நானே கதவைத் தட்டுவேன். பக்கத்து அறையில் ஆபரேஷன் முடிந்து ஒருவர் படுத்திருப்பார். கோபித்துக்கொண்டு காலி செய்துவிட்டுப் போனவர்களும் உண்டு. போகட்டும்.

அப்படித் தங்கியவர்களில் காசிப்பூர்க் குடும்பம் ஒன்று. அப்பாவுக்குச் சிகிச்சைக்காக மூன்று மாதம் எங்களிடம் இருந்தார்கள். அப்பா குணமாகி ஊர் திரும்பினார். மகன் அதற்குப் பிறகும் வாரம் ஒரு தடவை "அங்கிள், எப்போ வர்றீங்க?" என்று போன் செய்வான். ராம்நகரும் கார்பெட்டும் அவர்களுக்குப் பக்கம். கடைசியில் அவனே அறை போட்டுவிட்டான். நானும் என் மனைவியும் காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி தில்லி போய், அங்கிருந்து ராத்திரி ரயிலில் ராம்நகர் போய் இறங்கினோம். ஏப்ரல் மாதம். வேலூரில் அப்போது வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவ்வளவு இருட்டு. கொஞ்ச நேரத்தில் எங்கேயோ புள்ளிமான் ஒன்று கத்தியது. பிறகு இன்னொன்று. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. என் மனைவி மெதுவாக, "ஏங்க, இது வரைக்கும் நான் ஜெனரேட்டர் சத்தம் இல்லாம தூங்கினதே இல்லல்ல?" என்றாள். முப்பது வருஷம் லாட்ஜ் மாடியிலேயே குடியிருந்தவள். காலையில் வளாகத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால் கீழே ராமகங்கை ஆறு, அதைத் தாண்டி நீர்த்தேக்கத்துப் புல்வெளி, அதில் யானைகள். குட்டிகளோடு. எண்ண ஆரம்பித்தேன், முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். பாலாற்றில் தண்ணீர் ஓடினால் டிவியில் செய்தி போடுகிற ஊர்க்காரன் நான். எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

டிவி இல்லாததால்தான் அதைப் பார்த்தேன். விளக்கு குறைவாக இருந்ததால்தான் அந்த மான் கத்தியது காதில் விழுந்தது. நீங்கள் 'இல்லை, இல்லை' என்று எண்ணினீர்களே, அந்த ஒவ்வொரு இல்லைக்கும்தான் அங்கே காசு வாங்குகிறார்கள்.

இல்லை என்று எண்ணுகிற பழக்கத்தை நம்மிடமே காட்டினார்களே, மறந்துவிட்டதா? ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூருக்கு ஒரு சொலவடை. சின்ன வயதில் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு கல்யாணத்திலும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் மறுபடியும் லிங்கம் வந்த பிறகும் சொன்னார்கள். நமக்கு வலித்தது. அப்படி வலித்த ஊர்க்காரர்கள்தான் இன்னொரு இடத்துக்குப் போய் அதே பட்டியலைப் போடுகிறோம்.

என்ன சொல்வீர்கள் என்று தெரியும். கமெண்டில் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது.

"அறை கிடைப்பதே குதிரைக்கொம்பு, புக்கிங் திறந்த சில நிமிஷத்தில் முடிந்துபோகிறது." உண்மை. அதை எதிர்த்து எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஆனால் அந்த வீடியோவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லையே.

"வெள்ளைக்காரன் பங்களாவுக்கு இவ்வளவு உருக்கமா?" நம் கோட்டைக்குள் கண்டியின் கடைசி ராஜாவை அடைத்து வைத்திருந்தார்கள். 1806-ல் சிப்பாய்களைக் கொன்று குவித்தார்கள். அதற்காகக் கோட்டையை இடித்துவிட்டோமா? சாயங்காலம் அகழி ஓரம் உட்கார்ந்து கடலை சாப்பிடுகிறோம். துப்பாக்கியோடு வந்தவர்கள் தங்கிய வராந்தாவில் இன்று நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து மானைப் பார்க்கிறோம். எனக்கு அது நல்ல மாற்றமாகத்தான் தெரிகிறது.

"இந்திக்காரனுக்கு வக்காலத்தா?" இதற்கு நான் பதில் சொல்ல விரும்பவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நம் பேச்சை 'அண்டு குண்டு' என்று அவர்கள் கேலி செய்தபோது யாருக்கெல்லாம் ரத்தம் கொதித்ததோ, அவர்கள் அந்தப் பதினாலு விநாடியை மறுபடியும் பாருங்கள்.

"சின்னப் பசங்க, ஜாலியா போட்டது, இதுக்குப் போய் இவ்வளவு பெரிய பதிவா?" இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் நைனா ஃபாரஸ்ட் வாச்சர். ஜவ்வாது மலையில் வேலை. அப்போது எல்லாம் ஒரே வடாற்காடு மாவட்டம். சந்தன மரம் வெட்டுகிற கும்பலுக்குப் பயந்துகொண்டே காட்டில் நடந்தவர். அவர் காத்த மரங்கள் திருப்பத்தூர் கிடங்குக்கு ஏலத்துக்குப் போகும். அவர் கைக்கு வந்தது ஒரு டார்ச் லைட்டும் காக்கிச் சட்டையும்தான். லீவில் நான் அவரோடு போய் இருப்பேன். ஒரு பங்குனி மாதம், யாரோ சிபாரிசுக் கடிதத்தோடு கீழே ஊரிலிருந்து நாலைந்து பேர் காட்டு பங்களாவுக்கு வந்தார்கள். ராத்திரி வராந்தாவுக்கு வெளியே தீ மூட்டிக் கோழி சுடப் பார்த்தார்கள். சுற்றிலும் காய்ந்த மூங்கில். நைனா, "ஐயா, வேணாங்கய்யா, காத்து அடிக்குது, புடிச்சிக்கும்" என்று கும்பிட்டுச் சொன்னார். அதில் ஒருவன் அவரைத் தள்ளிவிட்டு, "வாச்சர் நாயி, எங்களுக்குச் சட்டம் சொல்றியா" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பதினோரு வயது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, அந்தத் தீ அணைகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். விடிய மூன்று மணி ஆகிவிட்டது. காலையில் உடைந்த பாட்டில்களைப் பொறுக்கினார். மான் கால் வைத்தால் கிழித்துவிடும் என்றார். அவர்களுக்கும் அது ஜாலியான டூர்தான். இன்றைக்கு அவர்களிடம் போன் இருந்திருந்தால் வீடியோ போட்டிருப்பார்கள்.

விருந்தாளி கேட்டதெல்லாம் காட்டுக்குள் கிடைக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று நாம் பார்த்துவிட்டோமே. 2021 ஜனவரியில் மசினகுடியில், ஒரு தங்கும் விடுதிக்குப் பக்கத்தில் வந்த யானை மேல் எரிகிற டயரை எறிந்தார்கள். அது காதில் நெருப்போடு ஓடியதை எல்லோரும்தான் பார்த்தோம். அந்த யானை செத்துப்போனது. அதற்கு மூன்று மாதம் முன்புதான், யானைகளின் வழித்தடத்தில் ரிசார்ட் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. அங்கே வரிசையாக ரிசார்ட். திகாலாவில் வேலிக்குள் நாம், வெளியே யானை. எது உங்களுக்கு ஜெயில் மாதிரித் தெரிகிறது?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் அமிர்தி காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள். அருவிக்குப் போகிற வழியில் பிரியாணிப் பொட்டலமும் பாட்டிலும். காவலூரில் 1986-லிருந்து அவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு அங்கே இருட்டு நன்றாக இருக்கிறது என்பதும் ஒரு காரணம். இருட்டைத் தேடி விஞ்ஞானிகள் வந்த மலை நம்முடையது. நமக்கு இருட்டு என்றாலே குறை.

வீடியோவை அழிக்கச் சொல்லவில்லை. சாப்பாடு பிடிக்கவில்லையா, சொல்லுங்கள். உருளைக்கிழங்குக் கறி எனக்கும் மூன்றாவது வேளைக்கு அலுத்துவிட்டது. காட்டு விடுதியில் அசைவம் சமைக்க அனுமதியில்லை என்று போகும் முன்பே எழுதியிருக்கிறார்கள், படித்திருக்கலாம். அந்தப் பதினாலு விநாடியை மட்டும் எடுத்துவிடுங்கள். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் கையிலும் போன் இருக்கும்.

முதலில் நாலு பேர் வீடியோ அனுப்பினார்கள் என்றேன். ஐந்தாவதாக அனுப்பியது காசிப்பூர்ப் பையன். நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு. சிரிக்கிற பொம்மை எதுவும் இல்லை. "அங்கிள், இவர்கள் உங்கள் ஊரா?" என்று மட்டும் கேட்டிருந்தான்.

அவனுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.