எட்டுக்குப் பத்தில் அடங்காத சின்ன மாமா

கமராவில் எடுத்த படத்தின் நீள அகல விகிதம் வழக்கமாக 3:2. கைபேசியில் எடுத்தது பெரும்பாலும் 4:3. யாழ்ப்பாணக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பிரேமோ 8 × 10 அங்குலம், அதாவது 5:4. எப்படிப் பொருந்தும்?

"ஓரத்தில் கொஞ்சம் வெட்டினால் சரி, தம்பி" என்கிறார் கடைக்காரர். அந்த ஓரத்தில்தான் சின்ன மாமா நிற்கிறார்! 8 × 12 அளவில் கழுவிய கலியாண வீட்டுப் படத்தில் இரண்டு அங்குலம் போனால் அவருக்கு ஒரு தோள்கூட மிஞ்சாது. (அழைப்பிதழில் பெயர் பிந்தி வந்ததற்கே ஒரு வருடம் பேசாதிருந்த மனிதர்.)

போதாததற்கு, பிரேமின் உள்விளிம்பு ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் விழுங்கும். 8 × 10 என்று காசு வாங்கிக்கொண்டு 7½ × 9½ ஐத்தான் காட்டுகிறார்கள்.

சான்றிதழின் கதை இன்னும் மோசம். ஏ4 தாள் 210 × 297 மில்லிமீற்றர். 8 × 12 பிரேமில் (ஏறத்தாழ 203 × 305 மில்லிமீற்றர்) அகலம் இடிக்கிறது, நீளத்தில் இடைவெளி பல்லிளிக்கிறது. ஏ4 பிரேம் கேட்டால், "அடுத்த கிழமை வாருங்கள்." போன கிழமையும் இதையேதான் சொன்னார்கள்.