வேலூரில் ஏழைக்குக் கட்டும் வீடு: மாநகராட்சி ஒதுங்கி நிற்கக் கூடாது

நம்ம ஊரில் வீடில்லாதவர்களுக்கு அடுக்குமாடி கட்டுவது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாறியதே, அதுதான். பணம் தருவது ஒன்றிய அரசும் மாநில அரசும், கூடவே பயனாளி கட்டும் பங்குத் தொகை. கட்டுவது டெண்டர் எடுத்த கான்ட்ராக்டர். எல்லாம் முடிந்து ஜனங்கள் குடியேறிய பிறகு குப்பை அள்ளுவதும், தெருவிளக்கு போடுவதும், சாக்கடை அடைத்தால் திட்டு வாங்குவதும் மாநகராட்சி. எங்கே கட்டுவது, எத்தனை மாடி, யாரை வைத்துக் கட்டுவது, பத்து வருடம் கழித்து யார் பழுது பார்ப்பது என்பதில் மட்டும் மாநகராட்சியின் பேச்சு பெரிதாக எடுபடுவதில்லை. இது மாற வேண்டும் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கட்டட வேலை பார்க்கும் குடும்பம் என்னுடையது. அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். நான் டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன். அதனால் இதை அரசியலாக எழுதவில்லை, தொழிலாக எழுதுகிறேன்.

வேலூரில் வாடகை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களில் இருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். மாதக் கணக்கில் தங்குகிறார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கும் தெருக்களில் ஒரு ரூம் கிடைத்தால் வீட்டுக்காரர் அதை நாள் வாடகைக்கு விடுவாரா, பீடி சுற்றும் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவாரா? அந்தப் பக்கம் காட்பாடியில் விஐடி பல்கலைக்கழக மாணவர்களால் இதே நிலை. அவரவர் சொத்து, அவரவர் பிழைப்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர், அந்த ஹாஸ்டலில் பாத்திரம் கழுவுபவர், ஊதுபத்தி உருட்டுபவர், மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர் இவர்களெல்லாம் எங்கே போவார்கள்? மலையடிவாரத்துக்குப் போகிறார்கள், கால்வாய் ஓரத்துக்கும் பாலாற்றங்கரைக்கும் போகிறார்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது யார் வீடு போனது என்று நாம் பார்த்தோம். அதே மழையில்தான் பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்து 9 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள்.

சரி, வாரியம் கட்டித் தருகிறதே, அப்புறம் என்ன என்று கேட்கலாம்.

சொந்தக்கார அக்கா ஒருத்தர் அப்படிப்பட்ட ஒரு குடியிருப்பில் இருக்கிறார். எந்த இடம் என்று வேண்டாம். மூன்றாவது மாடி. மேல் வீட்டுக் கழிவறைக் குழாயின் ஜாயின்ட் விட்டுப்போய், இவர் சமையலறைக் கூரையில் சொட்டுகிறது. நேராக அடுப்புக்கு மேலே. ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், அது நிரம்ப நிரம்ப எடுத்து ஊற்றுகிறார். கூரையில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது, கம்பி முழுக்கத் துரு. விரலால் தேய்த்தால் செதில் செதிலாக வருகிறது. கட்டடத்துக்கு வயது பத்துகூட ஆகவில்லை. வாரிய அலுவலகத்தில் கேட்டால் பழுது வந்தால் கான்ட்ராக்டரே சரி செய்து தர வேண்டிய பொறுப்புக் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். மாநகராட்சியில் கேட்டால் அந்தக் கட்டடம் எங்களிடம் ஒப்படைக்கப்படவில்லை என்கிறார்கள். "யாராண்ட போய்ச் சொல்றது தம்பி, நீயே சொல்லு" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை என்பது இல்லை. யாரிடம் போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்படவில்லை, அதுதான் விஷயம்.

இது எப்படி நடக்கிறது என்று தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். வேண்டியவருக்குத் தூக்கிக் கொடுப்பதைத் தடுக்க வந்தது. ஆனால் நடைமுறையில் தகுதி வரம்பைத் தாண்டிவிட்டால், குறைந்த விலை போட்டவருக்கே வேலை. எடுத்தவர் பிரித்து சப் கான்ட்ராக்ட் விடுகிறார். அவர் இன்னொருவருக்கு லேபர் ரேட்டில் விடுகிறார். கடைசியில் சாரத்தில் நின்று பூசுகிறவன் கைக்கு வரும்போது சதுர அடிக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை மிஞ்சியிருக்கும். அந்தத் தொகைக்குள் எதை மிச்சம் பிடிக்க முடியும்? சிமெண்ட்டில் பிடிக்கலாம், ஆனால் அது இன்ஜினியர் கண்ணில் படும். யார் கண்ணிலும் படாமல் மிச்சம் பிடிக்க சுலபமான வழி தண்ணீர். பூசிய சுவரைக் குறைந்தது ஏழு நாளாவது நனைத்து வைக்க வேண்டும், அப்போதுதான் சிமெண்ட் நன்றாக இறுகும். காங்கிரீட்டுக்குச் சாக்கு போட்டு ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில், மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் சூட்டில், காலையில் நனைத்தால் பத்து மணிக்குக் காய்ந்துவிடும். நாலாவது மாடிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு மோட்டார், நனைக்க ஒரு ஆள், அவருக்குக் கூலி. இதைத்தான் முதலில் விடுகிறார்கள். அப்புறம் பி-சாண்ட், அதாவது பூச்சுக்கென்றே தயாரிக்கும் நைசான செயற்கை மணல், போட வேண்டிய இடத்தில் தூசி கலந்த மலிவான எம்-சாண்ட் (காங்கிரீட்டுக்கான செயற்கை மணல்) போடுவது. அன்றைக்குப் பார்த்தால் சுவர் மழமழவென்றுதான் இருக்கும். வெள்ளையடித்து ரிப்பன் வெட்டும்போது ஒன்றும் தெரியாது.

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புத்தம் புதிய குடியிருப்பின் சுவரைக் கையால் தொட்டாலே மணலாக உதிர்ந்த காட்சியை டிவியில் எல்லாரும் பார்த்தோம். ஐஐடி மெட்ராஸ் நிபுணர்கள் வந்து ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. அன்றைக்குப் பெரிய செய்தி. அதே நோயின் சின்ன வடிவம் மாவட்டங்களில் இருக்கிறது, அது செய்தியாவதில்லை.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். தனியார் பில்டரிடம் ஃப்ளாட் வாங்கினால், 2016ஆம் ஆண்டு ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்து சொன்னால் கட்டியவர் காசு வாங்காமல் 30 நாளில் சரி செய்து தர வேண்டும். 50 லட்சம் கொடுத்து வாங்குபவருக்கு யாரிடம் போக வேண்டும் என்று தெரியும். அந்த அக்காவுக்கு மட்டும் ஏன் தெரியக் கூடாது?

என் கோரிக்கை இதுதான். ஏழைகளுக்கான வீட்டு வேலையை ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி டெண்டராக விடுவதை நிறுத்துங்கள். மாநகராட்சியும் வாரியமும் சேர்ந்து, தகுதியுள்ள சில கட்டுமான நிறுவனங்களோடு ஐந்து வருடத்துக்கு ஒரு கூட்டு ஒப்பந்தம் போடட்டும். யார் யார் அந்தப் பட்டியலில் இருக்கலாம் என்பதை விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அவர்கள் ஏற்கெனவே கட்டிய கட்டடம் ஐந்து மழைக்காலம் தாண்டி எப்படி இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யட்டும். கட்டியவரே பத்து வருடம் பராமரிக்க வேண்டும், அதற்கான தொகை ஒப்பந்தத்திலேயே தனியாக இருக்க வேண்டும், வருடா வருடம் பார்த்துவிட்டுத்தான் அதைக் கொடுக்க வேண்டும். பத்து வருடம் தானே மோட்டாரும் குழாயும் மாற்ற வேண்டும் என்று தெரிந்தால், எந்த முதலாளியும் நல்ல குழாயாகத்தான் போடுவார். ஏழு நாள் நனைக்க ஆள் வைப்பார். யாரும் போய் மிரட்ட வேண்டியதில்லை, கணக்கே அவரை அப்படிச் செய்ய வைக்கும்.

கான்ட்ராக்டர்களுக்காகவும் பேசியாக வேண்டும். எம்-புக்கில், அதாவது முடிந்த வேலையை அளந்து குறிக்கும் அளவுப் புத்தகத்தில், அளவு எழுதி, பில் போட்டு, அது மேசை மேசையாகப் போய்ப் பணமாக வருவதற்குள் சின்ன கான்ட்ராக்டர் வட்டிக்கு வாங்கித்தான் கூலி கொடுக்கிறார். அந்த வட்டியையும் அவர் அந்தச் சுவரில்தான் எடுக்க வேண்டும். பில்லுக்கு 30 நாளில் பணம் என்று மாநகராட்சி எழுதிக் கொடுத்தால், கையைப் பிசையாமல் வேலை செய்யும் நல்ல ஆட்கள் இந்தப் பக்கம் வருவார்கள். இன்றைக்கு அப்படிப்பட்டவர்கள் அரசு வேலையே வேண்டாம் என்று தனியார் வீடு கட்டப் போய்விடுகிறார்கள்.

கூட்டு என்றால் பெரிய கம்பெனிகளோடு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். கேரளாவில் வடகரை பக்கத்தில் ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் 1925இலிருந்து இயங்குகிறது. கூலித் தொழிலாளர்களே உறுப்பினர்கள், அவர்களே முதலாளிகள். அரசின் சாலை, பாலம், கட்டடம் எல்லாம் கட்டுகிறார்கள். கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலம் கட்டிய சில வருடத்திலேயே விரிசல் விட்டு மூடப்பட்டபோது, டெல்லி மெட்ரோ நிறுவனத்தின் மேற்பார்வையில் அதை மறுபடி கட்டி 2021 மார்ச்சில் திறந்துவிடச் செய்தவர்கள் இந்தச் சங்கத்தார்தான். நம்ம பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில், ஊராட்சித் தலைவராக இருந்த இளங்கோ, உள்ளூர் ஆட்களை வைத்து, அழுத்திய மண் கற்களால் சமத்துவபுரத்தையே கட்டிக் காட்டினார். 50 இரட்டை வீடுகள். கூலியும் ஊருக்குள்ளேயே நின்றது.

அணைக்கட்டிலிருந்தும் ஒடுகத்தூரிலிருந்தும் விடியற்காலைப் பஸ்ஸில் தூக்குப்போசியோடு வந்து இறங்கும் கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் அப்படி ஒரு சங்கம் ஏன் இருக்கக் கூடாது? மாநகராட்சி தன் வீட்டு வேலையில் ஒரு பங்கை அவர்களுக்கு ஒதுக்கினால் போதும், சங்கம் தானாக உருவாகும்.

வெளிநாட்டிலும் பார்க்கலாம். இங்கிலாந்தில் நாரிச் நகர மன்றம் தன் நிலத்தில் தானே முன்நின்று கட்டிய கோல்ட்ஸ்மித் தெரு வாடகை வீடுகளுக்கு 2019இல் அந்நாட்டின் மிக உயர்ந்த கட்டடக் கலை விருதான ஸ்டிர்லிங் பரிசு கிடைத்தது. குளிர் தேசத்தில் சூடேற்றும் செலவு மிகக் குறைவாக இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். மேல்மாடி வீட்டில் மே மாதம் ஃபேன் காற்றே அனலாக வீசும் ஊரில், ஜன்னல் எந்தத் திசை, கூரைக்கு மேல் வெள்ளை ஓடு உண்டா என்பதெல்லாம் அங்கே படுப்பவர்களுக்கு உயிர்ப் பிரச்சனை. சென்னையில் போடும் வரைபடத்தில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. உள்ளூர் அமைப்பு உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இடமும் அப்படித்தான். ஊருக்கு வெளியே பத்து கிலோமீட்டர் தள்ளிக் கட்டிக் கொடுத்தால், பீடிக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து இலை வாங்கி வரும் பெண்ணுக்கு அன்றைய கூலியில் பாதி ஆட்டோவுக்கே போய்விடும். அவர் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பி வருவார். பிறகு "வீடு கொடுத்தாலும் இருக்க மாட்டேன் என்கிறார்கள்" என்று அவர் மேலேயே பழி. 2008இல் மாநகராட்சியாகி 60 வார்டுகளாக விரிந்த ஊர் இது. பழைய கிடங்கு, இடிந்து கிடக்கும் பணியாளர் குடியிருப்பு, பயன்படாத கடை வளாகம் என்று ஊருக்குள் எங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்பது மாநகராட்சிப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

சொந்த இடத்தில் கட்டுபவர்களைப் பற்றிக் கொஞ்சம். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புற இரண்டாம் கட்டத்தில், நம் மாநிலத்துக்கு ஒன்றிய அரசின் பங்கு ஒரு வீட்டுக்கு ஒன்றரை லட்சம், மாநிலம் குறைந்தது ஒரு லட்சம். இரண்டரை லட்சத்தில் இன்றைக்கு லிண்டல் மட்டம், அதாவது கதவு ஜன்னலின் மேல் மட்டம், தாண்டுவதே கஷ்டம். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கம்பியும் சிமெண்ட்டும் சில்லறை விலைக்கு வாங்குகிறார்கள். ஒரு வார்டில் இருபது வீடு வருகிறது என்றால் மாநகராட்சியே மொத்தமாக விலை பேசி, ஒரு மேஸ்திரிக் குழுவையும் அமர்த்திக் கொடுக்கலாம். பட்டா இல்லாமல் நிற்பவர்கள் கதை தனி, அதை இன்னொரு பதிவில் எழுதுகிறேன்.

"மாநகராட்சியிடம் கொடுத்தால் கவுன்சிலர்கள் தின்றுவிடுவார்கள்" என்று கமெண்ட் வரும், தெரியும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தூரத்தில் இருக்கும் அலுவலகத்தை விட, ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வந்தே ஆக வேண்டியவரைக் கேள்வி கேட்பது எளிது. கிராம சபை மாதிரி, நகரத்தில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபா என்று ஒன்று 2022இலிருந்து நடக்கிறது. கட்டடத்தின் ஒப்பந்த நகல், காங்கிரீட்டின் வலுவைப் பார்க்கச் சோதனைக் கூடத்தில் கன சதுரக் கட்டியை உடைத்துப் பார்த்த முடிவு, கட்டியவர் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் அங்கே வைக்கச் சொல்லலாம். திறமை இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதிய பேருந்து நிலையத்தையே கட்டி 2022இல் திறந்த ஊர் இது. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் குடிசைப் பகுதி மேம்பாட்டை நகராட்சிகளின் வேலைப் பட்டியலில் சேர்த்து முப்பது வருடம் தாண்டிவிட்டது.

அவசரமும் இருக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கேயே காலணிப் பூங்காவும் வருகிறது. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு எங்கே படுக்கை? வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பேர் தங்கும் விடுதியைக் கட்டித் தந்தது. வட ஆற்காட்டுப் பக்கம் அப்படி எதுவும் வருவதற்கு முன்பே வாலாஜாவிலும் ராணிப்பேட்டையிலும் வாடகை ஏறிவிடும். உள்ளாட்சிகள் இப்போதே ஆலைகளோடும் கட்டுமானக்காரர்களோடும் உட்கார்ந்து பேச வேண்டும்.

வேலூர் மாநகராட்சிக் கவுன்சிலர்கள் யாராவது இந்தப் பதிவைப் பார்த்தால், அடுத்த மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள்: நம் எல்லைக்குள் வாரியம் கட்டும் எந்தப் புதிய குடியிருப்புக்கும் மாநகராட்சி ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகக் கையெழுத்துப் போட வேண்டும், பத்து வருடப் பராமரிப்பு அதில் இருக்க வேண்டும். கட்டட வேலையில் இருக்கும் நண்பர்கள், உங்கள் பகுதிக் குடியிருப்பில் பார்த்த பழுதுகளைப் போட்டோவோடு கமெண்டில் போடுங்கள். தொகுத்து மனுவோடு சேர்த்துத் தருகிறேன், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு யார் யார் கூட வருகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.