ஸ்காபரோ வீட்டை விற்க முன்

நாங்களும் உங்களைப் போலத் திருகோணமலைக்கே வந்துவிடலாமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். மூவரும் கனடாவில், டொரொன்டோ நகரின் ஸ்காபரோவில் இருப்பவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள். மாதச் செலவுக்குக் காசு போதுமா, வெக்கை தாங்குமா என்பதுதான் மூவருடைய கேள்வியும். எல்லாருக்குமாக இங்கேயே எழுதுகிறேன்.

வெக்கை தாங்கும். முப்பத்தொரு வருடம் ஸ்னோ அள்ளிய உடம்புக்கு இந்த வெயில் மருந்து மாதிரி இருந்தது. என் கணவருடைய முழங்கால் நோ பாதியாகக் குறைந்தது. விடிய எழும்பி, கோட்டைக்குள் மேயும் மான்களைத் தாண்டிக் கோணேசர் கோயில் வரை நடந்து வருவோம். கச்சான் என்கிற அனல் காற்று அடிக்கும் நாட்களில் மட்டும் பத்து மணிக்குப் பிறகு வெளியே இறங்க மனம் வராது. ஆனால் நீங்கள் விடுமுறைக்கு வந்து பார்த்தது ஆடி ஆவணித் திருகோணமலை. நிலாவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும் காலம் அது. ஐப்பசி பிறந்து வாடை தொடங்கினால் தை வரை மாரி. உடுப்புக் காயாது, சுவரில் பாசி ஏறும், நுளம்பு, கரண்ட் போகும். அந்த நாலு மாதத்தையும் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

காசு விஷயம் சுருக்கமாக. பதினெட்டு வயதுக்குப் பிறகு கனடாவில் 20 வருடம் இருந்திருந்தால் ஓல்ட் ஏஜ் பென்ஷன் இங்கேயும் வரும். குறைந்த வருமானக்காரருக்குக் கொடுக்கும் ஜிஐஎஸ், ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நின்றுவிடும். ஓஹிப், அதாவது ஒன்ராறியோ மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதி, வேண்டுமென்றால் 12 மாதத்தில் 153 நாள் ஒன்ராறியோவில் இருக்க வேண்டும். முழுதாக இங்கே வந்தால் அது இல்லை.

இனி, ஒருவரும் என்னிடம் கேட்காத விஷயம்.

இரண்டு வருடத்துக்கு முன், மார்கழி மாதம், விடிய நாலு மணி. மழை கொட்டுகிறது. இவர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு. ஸ்காபரோவில் அத்தனை வருடம் கார் ஓட்டிய நான் இங்கே லைசன்ஸே எடுத்திருக்கவில்லை. முன்வீட்டுத் தம்பிதான் வானைக் கொண்டுவந்து தூக்கி ஏற்றினார். கொழும்பில் சத்திரசிகிச்சை என்று முடிவாகி, 260 கிலோமீற்றர் அம்புலன்சில் அவருடைய கையைப் பிடித்தபடியே போனேன். அங்கே முற்பணம் கட்டச் சொன்னார்கள். வங்கிக் கணக்கு அவர் பெயரில் மட்டும். மகள் கனடாவிலிருந்து காசு அனுப்பும்வரை ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

வீடும் அப்படித்தான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே காணி வாங்க முடியாது. வாங்கும்போது அவருக்கு இரட்டைக் குடியுரிமை இருந்தது, நான் இன்னும் எடுத்திருக்கவில்லை. காணி உறுதிப் பத்திரம் அவர் பெயரில் மட்டும் முடிந்தது.

அந்தப் பத்து நாளும் எனக்குள் ஒரே எண்ணம். இவர் எழும்பாவிட்டால் நான் எங்கே, யாரோடு இருப்பேன்? கல்யாணம் முடித்து நாற்பது வருடம், இதை நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. நான் வாயெடுத்தாலே "நல்ல வார்த்தை பேசு" என்று அடக்கிவிடுவார்.

அவர் தடி ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு பிள்ளைகள் இருவரையும் வீடியோவில் வைத்துக்கொண்டு கதைத்தோம். எல்லாரும் அழுதோம். நான் தனித்தால் இந்த வீட்டிலேயே இருப்பேன், கீழ்ப் பகுதிக்குத் தங்கச்சியின் மகள் குடும்பம் வரும். அவர் தனித்தால் மகனிடம் போவார். வங்கிக் கணக்கு இருவர் பெயருக்கும் மாறியது. நான் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன், லைசன்ஸும் எடுத்தேன்.

இதைச் சொன்னால் பயமுறுத்துகிறேன் என்கிறார்கள். இல்லை. வந்ததற்கு ஒரு நாளும் வருந்தியதில்லை. இந்தக் கதையைக் கதைக்க முடியாத தம்பதி ஸ்காபரோ வீட்டை விற்கக் கூடாது, அவ்வளவுதான் என் நிலைப்பாடு. ஒரு வருடத்துக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்த ஆடியில் வந்து காணி பார்ப்பதாக எழுதிய தங்கச்சிக்கு: ஆடியில் வேண்டாம், கார்த்திகையில் இரண்டு பேருமாக வாருங்கள். உவர்மலையில் எங்கள் மேல் அறை சும்மாதான் கிடக்கிறது. மழைக்குள் ஒரு மாதம் இருந்து பாருங்கள், காணியை அப்புறம் பார்க்கலாம்.