மஞ்சள் நீராட்டோடு மூளை முதிர்ந்துவிடுவதில்லை

பருவ வயதில் மூளை எப்படி மாறுகிறது என்பது பற்றிய ஒரு கட்டுரையில், பருவமடைதல் மூளையில்தான் தொடங்குகிறது என்று படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்களுக்குக் குடியாத்தம். போன வருஷம் மகளுக்கு மஞ்சள் நீராட்டு செய்தோம். தாய்மாமன் சீர், விருந்து எல்லாம் முடிந்ததும் வந்தவர்கள் எல்லோரும் அவளிடம் சொன்னது ஒன்றுதான்: "இனிமே நீ பெரிய மனுஷி, பொறுப்பா இருக்கணும்." அவளுக்கு அப்போது வயது 12.

மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி தூண்ட, அதன் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பி வழியாக, சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரக்கிறது. கோபம், அழுகை, ஆசை இவற்றோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் அந்த வயதில் வேகமாக மாறுகின்றன. யோசித்து நிதானிக்க உதவும், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியோ முழுதாக முதிர சுமார் 25 வயது வரைகூட ஆகிறது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவளைத் திமிர் என்று திட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் மனசு வலிக்கிறது.

அப்புறம் தூக்கம். கட்டுரை அதைத் தொடவே இல்லை, தொட்டிருக்க வேண்டும். இந்த வயதில், தூக்கத்தை வரவழைக்க உதவும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும், அதனால் தூக்கமும் தாமதமாகத்தான் வரும். ஆனால் 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014-லேயே சொல்லிவிட்டது. இங்கே பிள்ளைகள் காலை ஆறு மணி டியூஷனுக்கு அரைத் தூக்கத்தில் சைக்கிள் மிதிக்கிறார்கள். என் மகளை இந்த மாதம் சாயங்கால வகுப்புக்கு மாற்றிவிட்டேன்.